மஞ்சள் துணி கட்டிய வரம்பு

அன்னப்பூரணிக்குக் கோபம் வந்தால் அடுத்த ஊருக்கும் தெரியும். ஆனால் புன்னைச்சேனைப் பல்நோக்கு மண்டபத்தில் அன்றைக்குக் கூட்டம் தொடங்கியபோது அவளைப்போல் நல்ல மனுஷி யாருமில்லை. வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டு, முன்வரிசைக் கதிரையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தைக் கூட்டியவன் பேர்னாட். மட்டக்களப்பு டவுனில் பிறந்த கத்தோலிக்கன். இங்கிலாந்தில் எங்கோ ஒரு நாட்டுப்புறக் கிராமத்தில், முதியோர் இல்லத்தில் பல வருஷம் வேலை செய்துவிட்டு, பாதித் தலை நரைத்தபின் திரும்பி வந்தவன். வந்தவன் டவுனில் இருக்காமல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்து, வாவியோரமாக ஒரு வளவு வாங்கி, வெளிநாட்டார் தங்க நாலு அறை கட்டியிருந்தான். அவன் இருந்த அந்த இங்கிலாந்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சனம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வயல்வெளியால் நடக்குமாம். வேலைக்கல்ல, கோயிலுக்குமல்ல, சும்மா. வேலி குறுக்கே வந்தால் ஏறி இறங்க மரப்படி வைத்திருப்பார்களாம். காணிக்காரன் மாட்டை வேண்டுமானால் கட்டுவான், நடக்கிறவனை மறிக்கமாட்டானாம். அந்த ஊர்ச் சட்டமே அப்படித்தானாம்.

சனம் வாயைப் பிளந்து கேட்டது. சும்மா நடக்கிறதுக்கு ஏன் தம்பி பிளேனேறி இங்கே வரவேண்டும் என்று ஒருவர் கேட்டார். யானை வந்தால் யார் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டார். பேர்னாட் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். பஸ் நிற்கும் சந்தியில் தொடங்கிக் குளக்கட்டால் போய், வயல்வெளியான வட்டைக்குள் இறங்கி, வரம்புகளால் வாவிக்கரைக்கு வருகிற ஒரு நடைவழி. வழி தெரியாதவர்களும் பிசகாமல் வரும்படி, போகிற இடமெல்லாம் தடி நட்டு, நுனியில் ஒரு துணித்துண்டு கட்டவேண்டும். அதற்கு என்ன நிறம் நல்லது என்று ஊரைக் கேட்டான்.

கேட்டிருக்கக்கூடாது. சிவப்பு என்று அவன் வாயெடுத்ததுமே ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள். கண்ணிவெடி எடுத்த காலத்தில் சிவப்புத் தலை வைத்த தடியைக் கண்டால் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்காமல் பழகிய சனம் அது. பச்சை ஒரு கட்சிக்காரனுடையது, நீலம் இன்னொருவனுடையது, ஊதாவைக் கட்டினால் போன தேர்தலில் தோற்றவர்கள் இரவோடிரவாகப் பிடுங்கிவிடுவார்கள். கறுப்பைப் பார்த்தால் ஹர்த்தால் என்று கடையைப் பூட்டிவிடுவார்கள். வெள்ளையைச் சொல்லவே வேண்டாம், சாவீட்டுக்கு வழிகாட்டக் கட்டுவது. மனுஷன் நடந்து போகிறதுக்கு என்று இந்த நாட்டில் ஒரு நிறம் சும்மா கிடக்கவில்லை.

"மஞ்சளக் கட்டு தம்பி, மஞ்சள் மங்கலம்" என்றாள் அன்னப்பூரணி.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பேர்னாட் கைதட்டினான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் எழுந்து போய், சுவரில் அவன் ஒட்டிவைத்திருந்த வழிப்படத்தை உற்றுப் பார்த்தாள். குளக்கட்டு, வாய்க்கால், தன்னுடைய வயல் எல்லாவற்றையும் அடையாளம் கண்டாள். அதற்கப்பால் கோடு நேராக நல்லரத்தினத்தின் வயலுக்குள் நுழைந்து, நடு வரம்பால் வாவிக்கரையிலிருந்த அவனுடைய வளவுக்குப் போய் முடிந்தது. அங்கே இளநீர் குடித்து இளைப்பாறலாம் என்று ஒரு தென்னைமரமும் கீறியிருந்தது.

நல்லரத்தினம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அந்த நடு வரம்பு இரண்டு பேருக்கும் நடுவே பத்து வருஷத்துக்கு மேலாகக் கிடக்கிற வழக்கு.

நடந்தது இவ்வளவுதான். முன்பு அந்த வரம்பால்தான் தங்கச்சி அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். அவனுடைய மனுசி செத்தபின், அவன் சாப்பாடும் அந்த வரம்பால்தான் போனது. பிறகு ஊருக்கு வெட்டு மெசின் வந்தது. சின்னச் சின்ன வரவைப் பாத்திகளுக்குள் மெசின் திரும்பாது, வரம்பை உடைத்தால்தான் வெட்டுவேன் என்று மெசின்காரன் சொன்னான். நல்லரத்தினம் ஒரு வார்த்தை கேட்காமல் வரம்பை உடைத்துவிட்டான். சோற்றுப் பெட்டியோடு வந்த அன்னப்பூரணி, பாதி வழியில் வழியில்லாமல் நின்று, மெசின்காரன் முன்னால், கூலிக்காரர் முன்னால் அவனைப் பேசாத பேச்செல்லாம் பேசினாள். அவனும் அதே தாயின் வயிற்றில் பிறந்தவன்தானே. அறுவடை முடிந்ததும் கோழி நடக்கவும் யோசிக்கிற அளவுக்கு ஒரு ஒல்லி வரம்பைக் கட்டி, இரண்டு தலைப்பிலும் முள்ளுக்கம்பி இழுத்துவிட்டான். அவள் அன்றைக்குப் பேச்சை விட்டாள். சோறும் நின்றது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

அப்படிப்பட்ட வரம்பை இப்போது திறந்துவிட்டானாம். அகலமாக மண் போட்டும் தருகிறேன் என்றானாம். பேர்னாட்தான் அதைச் சந்தோஷமாகச் சொன்னான். பாவம், அவனுக்கு ஊர் நடப்பு தெரியாது.

"வெள்ளைக்காரன் நடக்க வரம்பு துறக்கிறான், கூடப்பிறந்தவள் மட்டும் வாய்க்கால் சுத்திப் போகணும். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். "இனி அவன் செத்தாலும் எனக்கு ஆரும் வந்து சொல்லப்படாது. சொன்னா அவங்களோடயும் எனக்குப் பேச்சில்ல."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்குத் தெரியும்.

புரட்டாதியில் தடிகள் நட்டு மஞ்சள் துணி கட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐப்பசியில் விதைப்பு முடிந்த கையோடு வயலை அடுத்த காணிக்காரனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அமிர்தகழிக்குப் போனாள். மகள் கேதீஸ்வரிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்து, துடக்குக் கழித்து, மகளுக்குக் காய மருந்து அரைத்துக் கொடுத்து, பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அங்கேயே கார்த்திகை மழையும் பெய்து ஓய்ந்தது. அண்ணனை நினைத்தாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனால் கேதீஸ்வரிக்குத் தாய்மாமன் முறை செய்ய யார் யார் இருக்கிறார்கள் என்று சம்பந்தி வீட்டார் பேசிக்கொண்டபோது, எழுந்து குசினிக்குள் போய் ஏனங்களைச் சத்தம் கேட்கக் கழுவினாள்.

மார்கழி பிறந்து ஊருக்குத் திரும்புகிறபோது பஸ்ஸில் பின்வளவுக்காரியைக் கண்டாள். பேரன் யாருடைய சாயல், எத்தனை றாத்தல் என்று எல்லாம் விசாரித்துவிட்டு, பாலம் தாண்டுகிற நேரம் அந்த மனுஷி மெல்லமாக, "உங்கட அண்ணன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, தெரியுமாகா?" என்றாள். சொன்ன பிறகுதான் மண்டபத்துச் சத்தம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். அன்னப்பூரணியின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். என்ன வருத்தம், எப்போது, எப்படி இருக்கிறான் என்று கேட்க அன்னப்பூரணிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டால் அவள் தோற்றதாகிவிடும். கேட்காமலே வந்தாள். பின்வளவுக்காரி கடைத்தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

சந்தியில் இறங்கிப் பையைக் கீழே வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். எதிரே ஒரு தடி. அதன் நுனியில் வெள்ளைத் துணி.

அதற்கப்பால் இன்னொரு தடி, அதிலும் வெள்ளை. குளக்கட்டு நெடுகிலும் வெள்ளை. வட்டைக்குள் இறங்கி, பச்சைப் பயிருக்கு நடுவால், காற்றில் ஆடி ஆடி, அந்த வெள்ளைத் துண்டுகள் ஒரே ஒரு வளவை நோக்கிப் போயின.

அவள் பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். சந்தியில் ஒரு மனுஷரையும் காணோம். எல்லாரும் சாவீட்டில்தான் நிற்பார்கள் என்று நினைத்தாள். தனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று யோசிக்கவே தேவையில்லை. சொல்லக்கூடாது என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னவளே அவள்தானே. பஸ்ஸில் வந்தவள்கூட அதற்குப் பயந்துதான் ஆஸ்பத்திரியோடு நிறுத்திவிட்டாள். அமிர்தகழிக்கு ஒரு போன் போட எத்தனை நேரம் செல்லும்? ஒருத்தராவது அவள் பேச்சை மீறியிருக்கக்கூடாதா? ஊர்ச்சனம் ஒருநாளும் கேளாத சொல்லை அன்றைக்கென்று பார்த்துக் கேட்டிருக்கிறது!

போனைக் கையில் எடுத்தாள். யாரைக் கூப்பிட்டு, என்ன என்று கேட்பது? என்னுடைய அண்ணன் செத்துப்போனானா என்று கேட்பதா? போனைப் பையில் போட்டாள். அவனுடைய பிள்ளைகள் இரண்டும் கட்டாரில். கொள்ளி வைக்க யார் வந்தார்களோ, குளிப்பாட்ட யார் நின்றார்களோ. பொழுது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிரேதத்தை எடுத்துவிட்டால் முகமும் பார்க்கக் கிடையாது. றோட்டால் சுற்றிப் போனால் நேரம் காணாது. வரம்பால் போனால் போய்ச் சேரலாம்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். பையைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் ஏறியவள் நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. தன் வயலைத் தாண்டி, அந்த நடு வரம்பின் தலைப்புக்கு வந்தாள். முள்ளுக்கம்பி இல்லை. மண்ணும் புதிது. இரண்டு பேர் சோடியாக நடக்கிற அகலத்துக்கு அடித்துத் தட்டி, அழகாகப் போட்டிருந்தது. அதில் கால் வைத்ததும் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. சாவீட்டுக்குப் போகிற பெண்கள் படலை தெரிகிற இடத்தில் குரலெடுப்பதுதான் வழக்கம். அவளுக்குப் படலைவரைக்கும் பொறுக்கவில்லை. நடு வட்டையில், பையை எறிந்துவிட்டு, நெஞ்சிலடித்துக்கொண்டு தொடங்கினாள்.

"வாய்க்காலச் சுத்தி வரவெச்ச எண்ட அண்ணே, நீ
வரம்பத் துறந்துவெச்சு வழி பாத்துப் போனாயோ
கோபத்தில சொன்ன ஒரு சொல்லுக்காக, நீ
கூடப்பிறந்தவளக் கூப்பிடாமப் போனாயோ"

எதிரே ஒரு வெள்ளைக்காரச் சோடியும் பேர்னாட்டும் வந்துகொண்டிருந்தார்கள். தலைவிரி கோலமாக வருகிறவளைக் கண்டதும் அந்த வெள்ளைக்காரர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஒதுங்க இடம் வரம்பில் போதாமல் ஒரு கால் முழங்கால்வரைக்கும் சேற்றுக்குள் போய்விட்டது. பேர்னாட் பதறிப்போய், யாருக்கு என்ன என்று கேட்டான். அவள் காதில் விழவில்லை. அண்ணனின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டு அவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பேர்னாட் திகைத்துவிட்டான். நல்லரத்தினத்தின் வளவில் இளநீர் குடித்துவிட்டு, நாளைக்கும் இரண்டு பேர் வருகிறார்கள் என்று சொல்லி, அந்த மனுஷன் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் இப்போது வருகிறான். அதற்கிடையில் எப்படி? பக்கத்துத் தடியில் ஆடிக்கொண்டிருந்த துணியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அடுத்த தடியைப் பார்த்தான். மலிவுக்கு வாங்கிய மஞ்சள் துணி. கச்சான் காற்றும் வெயிலும் பாதிச் சாயத்தைத் தின்று, மீதியைக் கார்த்திகை மழை கழுவிவிட்டிருந்தது. நாளுக்குநாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததில் ஊரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவனும்தான். ஐயோ அக்கா, நில்லுங்கள் என்று கத்திக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். அதற்குள் அவள் வளவுக்குள் போய்விட்டாள்.

"ஆக்கித் தந்த கைய வேணாமெண்டாய் அண்ணே, இப்ப
அரிசி போட வந்திரிக்கேன் வாய் துறவாயோ
தாய்க்கு மாமன் தூக்கவெண்டு பேரன் கிடக்கிறான், நீ
தலையெடுத்து ஒருதரம் பாராயோ"

முற்றத்தில் விழுந்து மண்ணில் அடித்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே எங்கேயோ ஒரு குறை தட்டியது. சாவீட்டில் ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால் உள்ளே இருக்கிறவர்கள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழவேண்டும். ஒருவரும் வரவில்லை. பறைச் சத்தம் இல்லை. பந்தல் இல்லை. ஒரு நாய் மட்டும் வந்து அவளை மணந்து பார்த்துவிட்டுப் போனது.

தலையை நிமிர்த்தினாள். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் நல்லரத்தினம் இருந்தான். ஒரு காலை வாங்கில் தூக்கி வைத்திருந்தான். கால் முழுக்கப் பெரிய கட்டு. மடியில் பாதி குடித்த இளநீர்க் கோம்பை. அவனுடைய தாடியெல்லாம் கண்ணீராக இருந்தது.

"நிப்பாட்டாத புள்ள" என்றான். "இன்னும் ஒள்ளுப்பம் பாடு. தனக்கு அழுறதத் தானே இருந்து கேக்க எத்தின பேருக்குக் குடுத்து வெச்சிரிக்கி?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! எழுந்து போய் அவனுடைய தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு இன்னொன்று. உயிரோடு இருக்கிறவன் ஒரு செருமலாவது செருமக்கூடாதா, வட்டைக்குக் கேட்க ஒப்பாரி வைத்தவளை ஊர் சிரிக்காதா, இத்தனை வயதுக்கு மானமில்லாமல் போய்விட்டதே என்று ஏசினாள். ஏசிக்கொண்டே அவன் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தாள். மூச்சிரைக்க வந்து நின்ற பேர்னாட்டுக்கும் கிடைத்தது. நாலு நாள் வெயிலுக்கு நிற்காத துணியையா தம்பி இங்கிலாந்தில் கட்டுகிறார்கள் என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு முற்றத்து ஓரமாக நின்றான்.

காலுக்கு என்ன என்றாள் கடைசியில். மண்வெட்டி பட்டுவிட்டது என்றான் நல்லரத்தினம். மழையில் வரம்பு கரைந்துபோயிற்றாம். அதற்கு மண் போடப் போன இடத்தில் நடந்ததாம். தையல் போட்டு அனுப்பிவிட்டார்களாம்.

"வெள்ளைக்காரனுக்காகக் காலையும் வெட்டிக்கொண்டாய்" என்றாள்.

அவன் கோம்பையைக் கீழே வைத்தான்.

"எனக்கென்ன புள்ள வெள்ளைக்காரன்? உனக்கெண்டு துறந்தா நான் தோத்தமாதிரிப் போயிரும். வெள்ளைக்காரனுக்கெண்டு துறந்தா நீயும் அதால நடந்து வருவாய்தானே எண்டு நினச்சன். நீயெண்டா மண்டபத்தில சத்தம் போட்டிட்டு மகள்ட ஊட்ட போயிற்றாய். மறுகா நான் என்ன செய்ற?"

"வாயத் துறந்து கூப்பிட்டா என்ன, வாயில புண்ணா?"

"உனக்கிரிக்கிற வாய்தானே எனக்கும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சேற்றில் கால் புதைந்த வெள்ளைக்காரர் மனுசியோடு மெல்ல நொண்டி நொண்டி வந்து, அவள் எறிந்துவிட்டு வந்த பையைப் பக்குவமாகக் கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். அவரைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒப்பாரியில் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர இன்னும் வெட்கமாக இருந்தது. அங்கே இனி நிற்க முடியாது என்று பட்டது. பையை எடுத்தாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல், ஒரு சொல்லும் சொல்லாமல் படலையைத் தாண்டி வரம்பில் ஏறினாள்.

சாவீட்டுக்குப் போனவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள். போயிற்று வாறேன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நல்லரத்தினத்துக்கு அது தெரியும். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலோடு பாதி எழுந்து, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் முதல் தடிவரைக்கும் போனாள். அங்கே நின்றாள். அந்த வெள்ளைத் துண்டை எட்டி அவிழ்த்து, சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வளவுப் பக்கம் கிறுகி நின்று, வட்டை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"போயிற்று வாறன் அண்ணே."